ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு மூளைப் படம்

அன்புள்ள சீனுவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று மேசை இழுப்பறையில் உன் முகவரி எழுதிய உறை கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. சிரிக்காதே. இப்படிப்பட்ட சங்கதிகள் சேர்ந்துதான் என்னை ஸ்கேன் அறைவரை கொண்டுபோயின.

மார்கழியில் ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போய்விட்டேன். பாத்திரம் கருகியதைக் கமலா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நான் பால் வைக்கவே இல்லை" என்று சாதித்தேனே, அதில்தான் பயந்துவிட்டாள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ரிப்போர்ட்டைப் பஸ்ஸிலேயே பிரித்துப் படித்தது என் தப்பு. மூளைச் சுருக்கம், வெண்பகுதியில் சிறு ரத்தக்குழாய் மாற்றங்கள் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். குறுக்கே அறுத்த காலிஃபிளவர் மாதிரி என் மூளை. நடுவே நீர் நிற்கும் அறைகளின் ஓரமாகச் சுண்ணாம்பு தெறித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள். அன்றிரவு தூக்கமில்லை.

நரம்பியல் மருத்துவர் படத்தைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார். மூன்று சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். முப்பத்தைந்து வருடம் வங்கியில் பணம் எண்ணியவனிடம்! 93, 86, 79 என்று ஓடிய வண்டி 72-இல் கொஞ்சம் தடுக்கியது. கடிகாரம் வரைந்தேன். மூன்று சொற்களில் 'சாவி' மட்டும் வரவேயில்லை. பிறகு கமலாவைத் தனியாக அழைத்து, வரவு செலவைப் பார்க்கிறாரா, தெரிந்த தெருவில் வழி தவறுகிறாரா என்று விசாரித்தார். எனக்குச் சுருக்கென்றது. தன் மறதியையே மறந்துவிடுகிறவர்கள் உண்டாம். அதனால் உடன் இருப்பவரின் சாட்சிக்கு எடை அதிகம்.

எழுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் படத்தில் புள்ளி இருக்கும் என்றார். மனம் அடங்காமல் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரீகள் இறந்தபின் தங்கள் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். 1986-இல் டேவிட் ஸ்நோடன் தொடங்கிய ஆய்வு. அவர்களில் சிஸ்டர் மேரி 101 வயதில் இறக்கும்வரை தெளிவாக இருந்தார். ஞாபகச் சோதனையிலும் நல்ல மதிப்பெண். மூளையைத் திறந்து பார்த்தால் அல்சைமர் என்னும் மறதி நோய்க்குரிய புரதப் படிவுகளும் முடிச்சுகளும் ஏராளம்! எனக்கு உயிர் வந்தது. அதோடு படிப்பை நிறுத்தியிருக்கலாம். அதே ஆய்வில், அந்தப் படிவுகளோடு சின்னச் சின்ன ரத்த அடைப்புகளும் இருந்தவர்களுக்குத்தான் அறிவு மங்கியது மிக அதிகமாம்.

ஆக, என் பயம் படிவிலிருந்து ரத்தக்குழாய்க்கு இடம் மாறிவிட்டது. எனக்கு பிரஷர் 160. 2019-இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு லேசான நினைவுத் தடுமாற்றம் குறைந்திருக்கிறது. வெள்ளைப் புள்ளிகள் பெருகியதும் குறைவு. மாத்திரையைத் தலைவலி வந்தால் மட்டும் நான் போட்டுக்கொள்வது உனக்குத் தெரியும், கமலாவுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. டப்பா அவள் கையில்.

காதுக் கருவியை வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாயாம், உன் மருமகள் சொன்னாள். காது மந்தமாவதும் மறதிக்கு ஒரு வழி என்கிறார் மருத்துவர். எடுத்து மாட்டு. தையில் வரும்போது உன்னிடம் கத்திப் பேச எனக்குத் தெம்பில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். கடிதம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இந்த உறையை ஒட்டுவாளாம் கமலா.

அன்புடன்,
ராமு