குழி வெட்டிய கல்லும் பச்சைப் பலகையும்

பெங்களூருவிலிருந்து சென்னைக்குப் போகும் சாலைகளில் பெயர்ப்பலகை வைக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அல்சூரில் குடியிருக்கும் தமிழன் எழுதுகிறேன். சொந்த ஊர் வாலாஜாபேட்டை. ஊருக்குப் போவதென்றால் ஓசூர், கிருஷ்ணகிரி, ஆம்பூர் வழியாகத்தான் காரை விடுவேன். போன மாதம் அப்பா கூட வந்தார். “பழைய ரோட்டுலயே போலாம்டா, எத்தனை நாளாச்சு” என்றார். ஓல்ட் மெட்ராஸ் ரோடு எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. அதில் ஏறி டின் ஃபேக்டரி, கே.ஆர்.புரம் நெரிசலைத் தாண்டிவிட்டால் ஹொஸ்கோட்டே, கோலார், முல்பாகல், பலமனேர், சித்தூர், ராணிப்பேட்டை. 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அப்பா இருபது வருடத்துக்கு மேல் லாரி ஓட்டிய ரோடு அது.

அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். மூன்று மாநிலம், மூன்று எழுத்து மாறுகிற ரோட்டில் எப்படிப்பா ஓட்டுனீங்க என்று கேட்டேன்.

“போர்டைப் பார்த்து யாருடா ஓட்டினான்? கோலார்னா மலை. முல்பாகல்னா பெரிய பாறை. பலமனேர் தாண்டினா இறக்கம், கியரை மாத்தணும். மாங்கா வாசனை வந்தா சித்தூர்.”

இந்தக் கணக்கு இப்போது செல்லாது என்பது கோலாரிலேயே தெரிந்துவிட்டது. ஊருக்கு வெளியே அகலமாக ஓடும் ரோட்டில், பேச்சு சுவாரசியத்தில் ஊருக்குள் திரும்பும் இடத்தைத் தவறவிட்டேன். திரும்பி வர வழி கிடைப்பதற்குள் நெடுந்தூரம் போய்விட்டோம். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்து, “மலை தெரியுது, ஊரு எங்கடா?” என்றார். இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

ஏனென்றால் கோலார் தாண்டிப் போய்விடுகிற ஊர் இல்லை. சோழர் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் நிகரிலிச்சோழ மண்டலம். கோலாருக்குக் குவளாலம் என்று பெயர். கோலாரம்மா கோயில் சுவரில் அந்தக் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தார். பாதி எழுத்து பிடிபடவில்லை, ஆனாலும் விடவில்லை. அதே கோயிலில் தேளம்மன் சந்நிதி உண்டு. சேளம்மா என்கிறார்கள். உண்டியல் என்று பெட்டி கிடையாது, தரையில் ஒரு குழி. காசை அதில்தான் போட வேண்டும். நான் போட்டேன். தேள் பயம் எனக்கு உண்டு, அதை ஒளிப்பானேன்.

அப்புறம் முல்பாகல். கன்னடத்தில் ‘மூடல பாகிலு’, அதாவது கிழக்கு வாசல். கிழக்கிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏறி வருபவர்களுக்கு அதுதான் வாசற்படி. நெய் வழிகிற தடித்த தோசை கிடைக்கும். அப்பா இரண்டு சாப்பிட்டார், சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்ளும் மனிதர். அம்மாவிடம் ஒன்று என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

பலமனேருக்கு அப்பால் மொகிலிக் கணவாய். 1791 பிப்ரவரியில் ஆங்கிலேயர்களின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், திப்புவோடு நடந்த போரில் தன் படையோடு ஏறி வந்தது இந்த வழிதான். ஆம்பூர்ப் பக்கம் வருவான் என்று திப்பு அங்கே காத்திருக்க, இவன் சித்தூர் பக்கமாகச் சுற்றிக்கொண்டு மொகிலியில் ஏறிவிட்டான். முல்பாகல், கோலார், ஹொஸ்கோட்டே என்று வந்து மார்ச் 21ஆம் தேதி பெங்களூருக் கோட்டையைப் பிடித்தான். வாட்ஸப்பில் வரலாறு படிக்கிறவர்கள் காரை நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம். நாங்கள் நிறுத்தினோம். ஒரு பலகையும் கண்ணில் படவில்லை. டீக்கடைக்காரருக்கும் தெரியவில்லை.

சித்தூர்ப் பக்கம் நரசிங்கராயன்பேட்டை. 1782 டிசம்பர் 7 அன்று ஹைதர் அலி பாசறையில் இறந்தது அங்கேதான். திப்பு அப்போது மலபார்ப் பக்கம் இருந்தார். அவர் வந்து சேரும்வரை சாவை வெளியே சொல்லாமல் படையை நடத்திக்கொண்டிருந்தார்கள். உடலை முதலில் கொண்டுபோனது கோலாருக்கு, ஹைதரின் அப்பாவுடைய சமாதி இருக்கும் இடத்துக்கு. பிறகுதான் ஸ்ரீரங்கப்பட்டணம். அப்படியானால் அந்தப் பிணம் போனதும் நாங்கள் வந்த இந்த வழியில்தானே? அப்பாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. “ராத்திரியில எத்தனை தடவை இங்க வண்டிய நிறுத்தித் தூங்கியிருக்கேன்” என்றார், அவ்வளவுதான்.

ரோட்டுக்குப் பெயர்தான் மிச்சமா என்றால் அதுவும் இல்லை. அப்பாவுக்கு இது ‘நாலாம் நம்பர்’, அதாவது பழைய தேசிய நெடுஞ்சாலை 4. எண்களை மாற்றியமைத்த பிறகு முல்பாகல் வரை 75, அங்கிருந்து சித்தூர் வரை 69, அப்புறம் ராணிப்பேட்டைக்கு 40. ஒரே ரோடு மூன்று துண்டாகிவிட்டது. நிர்வாகத்துக்கு அது தேவையாக இருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை.

இப்போது புது விரைவுச்சாலையும் வருகிறது. ஹொஸ்கோட்டேயில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வரை, சுமார் 260 கிலோமீட்டர். கர்நாடகப் பகுதியை 2024 டிசம்பரிலேயே திறந்துவிட்டார்கள். நான் அதற்கு எதிரி இல்லை. அவசரத்துக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தால் நானும் அதில்தான் போவேன். ஆனால் வேலி போட்ட அந்த ரோட்டில் மலைகூட ஊரைக் காட்டிக் கொடுக்காது. ஊர் இருப்பதைச் சொல்ல உங்கள் பலகை ஒன்றுதான் இருக்கும்.

தர்மபுரிப் பக்கம் கிடைத்த ஒரு கல்லைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். 13ஆம் நூற்றாண்டு மைல்கல். ‘அதியமான் பெருவழி, நாவற்தாவளத்துக்கு 29 காதம்’ என்று பொறித்திருக்கிறது. எண்ணை எழுதியதோடு விடாமல், எழுத்து தெரியாத வழிப்போக்கனுக்காக அதையே குழிகளாகவும் வெட்டி வைத்திருக்கிறார்கள். விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். அந்தக் கல்லை வெட்டச் சொன்னவன் என் அப்பா மாதிரி ஒருவரை மனதில் வைத்திருக்கிறான்.

நான் கேட்பது இதுதான். விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் இடங்களில் அடுத்த பெரிய ஊரின் பெயரோடு நிறுத்தாதீர்கள். பழைய ரோட்டில் அங்கே என்ன ஊர், எவ்வளவு தூரம் என்று கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு படம் போடுங்கள்: கோலாருக்கு ஒரு தேள், சித்தூருக்கு ஒரு மாங்காய். மொகிலியிலும் நரசிங்கராயன்பேட்டையிலும் என்ன நடந்தது என்று நான்கு வரியில் ஒரு பழுப்புப் பலகை. பழைய ரோட்டை அகலப்படுத்தும்போது மஞ்சள் தலை மைல்கற்களைப் பிடுங்கி ஓரத்தில் குவிக்காதீர்கள். தள்ளி நடுவதற்கு எத்தனை நேரம் ஆகிவிடும்?

வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கும் ஒன்று வையுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி அங்கேதான் வந்து சேர்ந்தது. பிறந்து வளர்ந்த எனக்கே இது நாற்பது வயதில்தான் தெரிந்தது.

பொங்கலுக்கு மறுபடி போகிறோம். புது ரோட்டில் ஒருமுறை போய்ப் பார்க்கலாமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். எந்த இடத்தில் இறங்கினால் முல்பாகல் தோசைக்குப் போகலாம் என்று தெரிந்தால் வருவாராம்.

இப்படிக்கு,
அல்சூர்வாசி ஒருவன்