நிணநீர்க் குழாய் நரம்பல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரின் மருத்துவப் பக்கத்தில், 'வளர்ச்சிக் காரணிகள் நிணநீர்க் குழாய் உயிரணுக்களின் மரபணுவையே மாற்றிவிடுகின்றன' என்று அச்சிட்டிருந்தீர்கள். நிணநீர்க் குழாய் என்பது திசுக்களில் கசியும் நீரை வடித்து இரத்தத்தில் சேர்க்கும் மெல்லிய குழாய். வளர்ச்சிக் காரணி என்பது உயிரணுவை வளரத் தூண்டும் புரதம். மரபணு அப்படியேதான் இருக்கிறது. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதுதான் கூடிக் குறைகிறது. விளக்கைக் கூட்டிக் குறைப்பதும் வீட்டு வயரையே மாற்றுவதும் ஒன்றல்ல என்பது தாங்கள் அறியாததா?

வி.இ.ஜி.எஃப்-சி என்னும் வளர்ச்சிக் காரணி, உயிரணுவின் மேலிருந்து செய்தி வாங்கும் வி.இ.ஜி.எஃப்.ஆர்-3 என்ற ஏற்பியில் ஒட்டும். ஏற்பிகள் ஜோடி சேர்ந்து உள்ளே செய்தி கடத்தும் ஈ.ஆர்.கே., ஏ.கே.டி. நொதிகளை முடுக்கும். ஒரு மணி நேரத்துக்குள் ஈ.ஜி.ஆர்.1, ஃபாஸ் போன்ற மரபணுக்கள் துள்ளி எழுந்து அடங்கும். உயிரணு பெருகவும் நகரவும் வேண்டியவை பிறகே வரும். தங்கள் கட்டுரையாளரோ ஆய்வகத்தில் காரணியைச் சேர்த்த 24ஆம் மணி நேரத்து அளவு ஒன்றை மட்டும் காட்டி முடிவு கட்டிவிட்டார். முதல் அலை அதற்குள் ஓய்ந்திருக்கும். உயிரணுக்களை வளர்க்கும் கரைசலில் ஏற்கெனவே சீரமும் (இரத்தத்தின் தெளிநீர்) வளர்ச்சிக் காரணியும் உண்டு. அவை இல்லாத கரைசலில் சில மணி நேரம் உயிரணுக்களைப் பட்டினி போடாமல் சோதித்தால் வேறுபாடு மங்கிவிடும். அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மரபணுவே பழுதான நோய் வேறு. மில்ராய் நோயில் அந்த ஏற்பிக்குரிய மரபணு பிறவியிலேயே பிழைபட்டிருக்கும். குழந்தையின் பாதம் வீங்கும். வளர்ச்சிக் காரணி என்றதும் சத்து மாத்திரை போல எழுதியதையும் சொல்ல வேண்டும். புற்றுக்கட்டியும் இதே வி.இ.ஜி.எஃப்-சியைச் சுரந்துதான் நிணநீர்க் கணுவுக்கு வழி போட்டுக்கொள்கிறது.

இது முதல் முறையும் அல்ல. தீபாவளி மலரில் நிணநீர்க் குழாய் 'நரம்பு' ஆனது. அதற்கு முன்பு யானைக்கால் 'கெட்ட இரத்தம்' ஆனது. கொசு பரப்பும் ஃபைலேரியா புழு குடியிருப்பதே நிணநீர்க் குழாயில்தான். 2004 முதல் நம் மலேசியாவில் தொற்றுள்ள பகுதிகளில் அதற்கென்றே மாத்திரை கொடுத்தார்கள். மருத்துவப் பக்கத்தின் அடியில் 'நிணநீர் அடைப்பு நீக்கும் எண்ணெய்' விளம்பரம் வேறு! எண்ணெய் போய் ஒட்ட எந்த ஏற்பி இருக்கிறதோ, விளம்பரதாரருக்கே வெளிச்சம். தோட்டத்தில் கால் வீங்கியவர் அதற்குத்தான் ரிங்கிட்டை நீட்டுவார். காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உட்காரும்போது உயர்த்தி வைக்கச் சொல்லத் தங்களுக்கு இடமில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். 'மரபணுவின் செயல்பாடு' என்று இருந்தால் போதும். 'நரம்பு' வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.