துத்தநாகத் தகடுகள் தொய்ந்துபோனது குறித்து இரண்டாவது புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா,

வணக்கம். அடுப்புக்குள் தட்டாக வைக்க உங்களிடம் வாங்கிய துத்தநாகத் தகடுகள் இரண்டே மாதத்தில் தூளி மாதிரி நடுவில் தொய்ந்துவிட்டன. புகார் செய்ததற்கு, "அதிக எடை ஏற்றியிருப்பீர்கள்" என்று ஒரே வரியில் பதில் அனுப்பினீர்கள். பழியை என் தலையில் கட்டியது சரியில்லை.

எங்கள் அடுப்பு 30 டிகிரி செல்சியஸிலிருந்து 150 வரை ஏறும், ஆறும், மறுபடி ஏறும். துத்தநாகம் உருகுவதே 419 டிகிரியில்தான், 150 அதை ஒன்றும் செய்யாது என்று சொல்லித்தான் விற்றீர்கள்.

மீதமிருந்த புதுத் தகடு ஒன்றைக் கண்ணாடி போல மெருகேற்றி, எடை எதுவும் வைக்காமல் அடுப்பின் மூலையில் போட்டேன். பக்கத்தில் அதேபோல் மெருகேற்றிய அலுமினியத் துண்டு. நூறு சுற்றுக்கு அப்புறம் அலுமினியத்தில் என் முகம் தெரிகிறது. துத்தநாகமோ ஆரஞ்சுத் தோல் போல ஆகிவிட்டது. விரலால் தடவினால் சொரசொரக்கிறது. இதில் எந்த எடையை ஏற்றினேன்?

துத்தநாகப் படிகம் ஒரு திசையில் மற்றத் திசைகளைவிடச் சுமார் நான்கு மடங்கு விரியும். தகட்டுக்குள் எண்ணற்ற படிகங்கள், ஆளுக்கொரு திசை பார்த்துக் கிடக்கின்றன. சூடேறினால் ஒன்று நீளப் பார்க்கும், அண்டையில் இருப்பது விடாது. 120 டிகிரி ஏற்றத்துக்கு இந்த இழுபறி நீளத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு வரை போகும். மெத்தென்ற உலோகம் அதைத் தாங்காமல் நிரந்தரமாக நெளிந்துவிடும். ஆறும்போது எதிர்ப்பக்கம் நெளியும். இப்படி நெளிந்துகொண்டே இருக்கும் தகட்டின் மேல் கொஞ்சம் எடை இருந்தாலே போதும், சுற்றுக்குச் சுற்று அந்தப் பக்கமாகவே இறங்கும். அலுமினியப் படிகம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு விரிவதால் தப்பிக்கிறது.

சூடு மாறாமல் இருந்தாலும் துத்தநாகம் மெதுவாகத் தொய்யும்தான். ஆனால் தொய்ந்த தகடுகளின் மேல் இருந்த அதே எடையோடு, அத்தனை நாளும் 150 டிகிரியிலேயே வைத்திருந்த இன்னொரு தகடு துளிதான் இறங்கியது.

சூடு ஏறி இறங்கினாலே உலோகம் நெளியும் என்பதைப் போவாஸ், ஹனிகோம்ப் என்ற உலோக ஆய்வாளர்கள் இருவர் துத்தநாகம், காட்மியம், வெள்ளீயம் மூன்றிலும் 1940களிலேயே காட்டிவிட்டார்கள். உலோகம் விற்பவர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

தகடுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு அலுமினியத் தகடுகள் தாருங்கள். "150 டிகிரி வரை" என்ற விவரக்குறிப்பில், சூடு ஏறி இறங்கும் இடத்துக்கு இது ஆகாது என்றும் சேருங்கள். சொரசொரத்த தகட்டை எடுத்து வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்