அம்மா நிரப்பின சீட்டு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மனசு சரியில்லன்னா தயங்காம கவுன்சிலிங் போங்கனு நம்ம பேப்பர்ல அப்பப்ப கட்டுரை வருது, நல்லது தான். ஆனா போன பிறகு உள்ள இன்னா நடக்குதுனு யாரும் எழுதறதில்ல, அதான் நான் எழுதறேன்.

நாங்க குடியாத்தம் பக்கம். அம்மா நாப்பது வருஷமா பீடி சுத்தறாங்க, மூணாவது வரைக்கும் தான் படிப்பு. அப்பா தவறினதுக்கப்புறம் தூக்கமே போச்சி, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்துக்கினு நெஞ்சு படபடனு அடிக்குதுடினு சொல்லுவாங்க, ஈசிஜி எடுத்தா எல்லாம் நார்மல். கவுன்சிலிங்னு ஒரு இடத்துக்கு கூட்டிக்கினு போனோம். பத்து நிமிஷம் பேசிட்டு ஜெராக்ஸ் சீட்டு குடுத்தாங்க, கட்டம் கட்டமா இருக்கும், என்ன நடந்துச்சி, அப்ப என்ன நினைச்சீங்க, அந்த நினைப்புக்கு ஆதாரம் என்ன, தினமும் நிரப்பிக்கினு வரணும். அடுத்த வாரம் பிரிச்சி பாத்தா அம்மா அந்த கட்டத்துல எல்லாம் அன்னன்னைக்கு சுத்தின பீடி கணக்க எழுதி வச்சிருக்காங்க. 600, 550, ஒரு நாள் மட்டும் 200. ஒத்துழைப்பு இல்லனு ஃபைல்ல எழுதிட்டாங்க. சோளிங்கர் அனுமார் கோயிலுக்கு போகணும்னு அம்மா சொன்னதுக்கு அதெல்லாம் மூடநம்பிக்கைனு ஒரே வார்த்தை. அதோட அம்மா அங்க வரமாட்டேன்னுட்டாங்க.

அந்த சீட்டு மேல எனக்கு கோவம் இல்ல. ஆரன் பெக்னு ஒரு மனநல டாக்டர் 1960கள்ல கொண்டுவந்த சிபிடி முறையில, அதாவது நம்ம நினைப்பையும் நடவடிக்கையையும் கவனிச்சி மாத்தற பேச்சு சிகிச்சையில வர்ற சீட்டு அது, பதட்டத்துக்கும் டிப்ரஷனுக்கும் நல்லா கேக்குதுனு நிறைய ஆராய்ச்சி இருக்கு. எங்கம்மாவுக்கு அத அப்படியே தூக்கி குடுத்தது தான் தப்பு.

ரெண்டாவதா பாத்த மேடம் அதே பழைய சீட்ட கையில வாங்கி பாத்துட்டு "இந்த 200 என்னிக்குமா?"னு கேட்டாங்க. அன்னைக்கு அப்பாவுக்கு மாசியம். அப்பா போனதுலேருந்து அம்மா அடுத்தவங்க முன்னாடி வாய் விட்டு அழுதது அப்ப தான். முதல் ரெண்டு தடவை அந்த மேடம் கேட்டுக்கினு இருந்தாங்க அவ்ளோ தான். அப்புறம் மூச்சுப் பயிற்சி, அம்மாவுக்கு மூச்ச எண்ண வரல, சரி பீடிய எண்ணுங்கனு சொல்லி ஒரு பீடிக்கு நூல் சுத்தி முடியற வரைக்கும் மெதுவா மூச்ச விடுங்கன்னாங்க, அது புடிச்சிக்கிச்சி. ஒரு நாள் காலி நாற்காலி போட்டு அப்பா உக்காந்திருக்காருனு நினைச்சி பேசுங்கன்னாங்க, கெஸ்டால்ட்னு இன்னொரு பேச்சு சிகிச்சை முறையில வர்றதாம் இது. கோயிலுக்கும் போய்ட்டு வாங்க, சித்திய கூட்டிக்கினு போங்கன்னாங்க, அனுமார் இருக்கற சின்னமலை 406 படி ஏறி எறங்கின அன்னைக்கு ராத்திரி அம்மா நல்லா தூங்கினாங்க. மேடம் என்னையும் தம்பியையும் கூப்பிட்டு உக்கார வச்சி பேசினாங்க. ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது இன்னைக்கு பேசினது உதவுச்சா இல்லையானு கேப்பாங்க, இல்லனு சொன்னா மாத்துவாங்க.

இப்படி ஆளுக்கு ஏத்த மாதிரி பல முறைய சேத்து குடுக்கறதுக்கு ஒருங்கிணைந்த உளசிகிச்சைனு பேரு. எந்த சிகிச்சை, யார் குடுத்தா, எந்த ஆளுக்கு, எந்த பிரச்சனைக்கு, எந்த சூழ்நிலையில கேக்கும்னு 1967லயே கோர்டன் பால்னு ஒரு உளவியலாளர் கேட்டாரு. அதுக்காக கைக்கு வந்தத எல்லாம் கலந்து கட்டி அடிக்கிறது இல்ல இது. திரும்பத் திரும்ப கை கழுவற ஓசிடிக்கு அதுக்குனே நிரூபிச்ச பயிற்சி இருக்கு, அத விட்டுட்டு ஆறுதல் மட்டும் பேசினா ஆகாது. மாத்திரை தேவைப்படற நோய்க்கு மாத்திரை வேணும். ஆள பாத்து எத எப்ப எடுக்கறதுனு முடிவு பண்றது தான் படிப்பும் அனுபவமும்.

வேலூருக்கு இது புதுசும் இல்ல. பாகாயத்துல சிஎம்சி ஆஸ்பத்திரியோட மனநல மையம் 1957லேருந்து இருக்கு, நோயாளியோட வீட்டு ஆளும் கூடவே தங்கற பழக்கத்த அந்த காலத்துலயே கொண்டுவந்த இடம். ஆனா பேரணாம்பட்டுலயோ கே.வி.குப்பத்துலயோ இருக்கறவங்க ஒரு நாள் கூலிய விட்டுட்டு எத்தன வாரம் பாகாயம் வரைக்கும் வருவாங்க? மாவட்ட மனநலத் திட்டம்னு அரசே வச்சிருக்கு, அதுல முதல் சந்திப்புக்காவது முக்கால் மணி நேரம் ஒதுக்கணும், எழுதத் தெரியாதவங்ககிட்ட வாயால கேட்டு எழுதிக்கணும். சிகிச்சை பத்தின விவரத்த அந்த ஆளுக்கு புரியற மொழியில, புரியற வடிவத்துல குடுக்கணும்னு 2017 மனநல பராமரிப்பு சட்டமே சொல்லுது.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டத்துலயும் எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு எந்த கிழமை மனநல டாக்டர் வராங்க, பேச்சு சிகிச்சை குடுக்க ஆள் இருக்காங்களானு விசாரிச்சி மாசம் ஒரு தடவையாவது உள்ளூர் பக்கத்துல போடுங்க. கூடவே அரசோட மனநல உதவி போன் டெலி மானஸ் நம்பர் 14416 போடுங்க, தமிழ்லயே பேசலாம், காசு இல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குடியாத்தம்