கார்டுக்குத் தனிக் காசா?

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய் என்பதால் எழுத உட்கார்ந்தேன். கனடாவில் உன் பலகார, சாப்பாட்டுக் கடையில் கிரெடிட் கார்டில் பணம் கொடுப்பவர்களிடம் இனி 2.4 சதவீதம் சேர்த்து வாங்கப் போவதாகச் சொன்னாய். கதவில் ஒட்ட அறிவிப்புகூட அச்சடித்தாயிற்று என்றாய். அப்பாவிடம் கேட்டால் "அவன் கடை, அவன் முடிவு" என்கிறார். இங்கே கடலூர் லாரன்ஸ் ரோட்டில் நம் பாத்திரக்கடையில் இத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை.

உன் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நம் கடையிலேயே எவர்சில்வருக்குக் கிலோ கணக்கில் விலை. அதில் ஓரளவு கையில் நிற்கும். மிக்சி, குக்கர் அப்படியில்லை. ஆன்லைனில் என்ன விலை என்று கடைக்குள் நின்றுகொண்டே போனில் பார்த்துவிட்டுத்தான் பேரம் பேசுகிறார்கள். 4000 ரூபாய் மிக்சியில் நமக்கு 200 ரூபாய் நின்றால் பெரிது. கிரெடிட் கார்டைத் தேய்த்தால், 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், 80 ரூபாய் பிடித்தமாக அங்கேயே போய்விடும். அந்தப் பிடித்தத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. நாங்கள் அதை உள்ளீட்டு வரியாக, கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்கிறோம். காம்போசிஷனில், அதாவது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டத்தில், இருக்கும் சின்னக் கடைக்காரருக்கு அதுவும் கிடையாது. ஒரு மிக்சி விற்று, அதைத் தூக்கி, துடைத்து, வாரன்டி அட்டையில் சீல் வைத்துக் கொடுத்த லாபத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக யாருக்கோ போகிறது என்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அந்த "யாருக்கோ" யார் என்பதைப் பார். "பேங்க்காரன் எடுத்துக்கொள்கிறான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நமக்கு மெஷின் கொடுத்த வங்கிக்கு அதில் ஒரு துண்டுதான். விசா, மாஸ்டர்கார்டு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளும். பெரிய பங்கு, வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. பாயின்ட், கேஷ்பேக், விமான நிலையத்தில் சோபாவில் உட்கார வைத்துப் போடும் சாப்பாடு எல்லாவற்றுக்கும் இந்தப் பணம்தான் பெரிதும் உதவுகிறது.

நான் பிடித்தத்தை எல்லாப் பொருளின் விலையிலும் பரப்பி ஏற்றிவிட்டால், சுருக்குப்பையிலிருந்து நோட்டை எண்ணிக் கொடுத்து ஒரு அண்டா வாங்கிப் போகிற அம்மாவும் அதில் ஒரு பங்கு கட்டுகிறாள். அவளுக்குப் பாயின்ட்டும் இல்லை, சோபாவும் இல்லை. "விலையோடு சேர்த்துவிடுங்கள், யாருக்கும் வலிக்காது" என்று சொல்பவர்கள் இந்த அம்மாவை மறந்துவிடுகிறார்கள். உன் யோசனையில் எனக்குப் பிடித்த அம்சம் இதுதான்: செலவை உண்டாக்குகிறவரே செலவைக் கொடுக்கட்டும் என்கிறாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் கடைகளில் நடப்பது வேறு. இங்கே சில கடைகளில் எந்தக் கார்டை நீட்டினாலும் "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். 2020 ஜனவரியிலிருந்து ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் கடைக்காரரிடம் பிடித்தமே கிடையாது. மற்ற டெபிட் கார்டுகளுக்கும் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2018இல் மாற்றியபடி, வருஷ விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் கடைக்கு 0.40, அதற்கு மேல் 0.90 சதவீதம். பிறகு அந்த ரெண்டு பர்சென்ட் எங்கே போகிறது? கல்லாவுக்குத்தான். 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியது: டெபிட் கார்டுக்கு இப்படிச் சதவீதம் போட்டு வசூலிப்பது நியாயமில்லை, ஒப்பந்தத்துக்கும் விரோதம், வசூலிக்கிற கடையோடு உறவை முறித்துக்கொள்ளலாம் என்று. முறித்ததை நான் பார்த்ததில்லை, அது வேறு கதை.

கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு எதுவும் இங்கே இல்லை. சண்டை போட வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐரோப்பாவில் 2015இல் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும் பங்கை, கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதத்துக்கு மேல் போகாமல் கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் 2018 ஜனவரியில் பிரிட்டன், வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கவே கூடாது என்று சட்டம் போட்டது. மேலே குறைத்த பிறகுதான் கீழே தடை. வரிசை சரி. நாம் மேலே இருப்பதைத் தொடாமல், கீழே கடைக்காரரையும் வாடிக்கையாளரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறோம்.

பெட்ரோல் பங்க் விஷயம் உனக்கு ஞாபகம் இருக்கும். நோட்டு செல்லாது என்று அறிவித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 2017 ஜனவரியில், வங்கிகள் பிடித்தம் போடுவதாகச் சொன்னதும், இனி கார்டு வாங்க மாட்டோம் என்று பங்க்காரர்கள் அறிவித்தார்கள். அரசு தலையிட்டு அடக்கியது. அவர்கள் கோபம் எனக்குப் புரிந்தது. அவர்களுக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கமிஷன்; விலையை அவர்கள் ஏற்ற முடியாது. நீ முறுக்குக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் விலையை நீயே வைக்கிறாய். அவர்களுக்கு இல்லாத வழி உனக்கு இருக்கிறது.

இன்னொன்று. ரொக்கம் சும்மா வருகிறது என்று நினைக்காதே. எண்ண வேண்டும், கள்ள நோட்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், சில்லறைக்கு அலைய வேண்டும், கரன்ட் அக்கவுன்ட்டில் அளவுக்கு மேல் கட்டினால் அதற்கும் வங்கி கட்டணம் போடும். ராத்திரி பணப்பையோடு அப்பா வண்டியில் வீட்டுக்கு வந்து சேரும்வரை நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு யார் சதவீதம் போடுவது?

கார்டு வருவதற்கு முன் இருந்த கணக்கு நோட்டை நீ பார்த்திருக்கிறாய், சிவப்பு அட்டை போட்டது. கல்யாணச் சீர்வரிசை வாங்குகிறவர்கள் பாதியைக் கொடுத்துவிட்டுப் பாதியை அறுவடைக்கு அப்புறம் தருவார்கள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காரர்கள் நமக்கு நல்ல கணக்கு, வார்த்தை தவறாதவர்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. ஒரு முந்திரி மரம் மறுபடி காய்க்க எத்தனை வருஷம் ஆகும்? அவர்களிடம் போய் குத்துவிளக்குக் காசைக் கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. அந்த நோட்டில் பல பக்கங்களை அப்படியே விட்டுவிட்டோம். இன்றைக்கு அதே சீர்வரிசையைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், எனக்கு அடுத்த நாள் பணம் வந்துவிடுகிறது. வாங்கியவர் கட்டுகிறாரா இல்லையா என்பது கார்டு கொடுத்த வங்கியின் தலைவலி. 50,000 ரூபாய் பில்லுக்கு ஆயிரம் ரூபாய் போகிறது என்று அப்பா முணுமுணுப்பார். நான் நோட்டை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன். கடன் கொடுப்பது இப்போது வேறொருவர் வேலை. அதற்கு அந்தக் கூலி எனக்கு அதிகமாகப் படவில்லை. நாற்பது ரூபாய்க் கரண்டிக்கு ஒருவர் கிரெடிட் கார்டை நீட்டும்போதுதான் கசக்கிறது. நல்லவேளை, இப்போது அதற்கெல்லாம் க்யூஆர் அட்டையைக் காட்டிவிடுகிறோம்.

சரி, உன் கடைக்கு வருகிறேன். 2022 அக்டோபரிலிருந்து கனடாவில் கியூபெக் தவிர மற்ற இடங்களில் இப்படி வசூலிக்க அனுமதி உண்டு என்றாய். நானும் படித்துப் பார்த்தேன். 2.4 என்பது உச்சம்தான். உனக்கு உண்மையில் ஆகிற செலவு அதைவிடக் குறைவென்றால் அந்தக் குறைந்ததைத்தான் வாங்கலாம். உன் செலவு எவ்வளவு என்று கேட்டதற்கு "ஏறக்குறைய அவ்வளவுதான்மா" என்றாய். ஏறக்குறைய என்றெல்லாம் கல்லாவில் கிடையாது. மாதாந்திர ஸ்டேட்மென்ட்டை எடுத்து, மொத்த கார்டு விற்பனை, மொத்தப் பிடித்தம் இரண்டையும் எழுதி வகுத்துப் பார். டெபிட் கார்டைத் தனியாகப் பிரி; இந்த அனுமதி கிரெடிட் கார்டுக்குத்தான். பில் போடுகிற பையனுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

2024 அக்டோபரில் அங்கே சின்னக் கடைகளுக்கு, கடையில் நேரில் நடக்கும் விற்பனையில் கார்டு வங்கியின் பங்கைச் சராசரி 0.95 சதவீதத்துக்குக் குறைத்திருக்கிறார்கள். விசாவில் வருஷம் மூன்று லட்சம் டாலருக்குள் விற்கிற கடைக்கு அது பொருந்தும், மாஸ்டர்கார்டுக்கு 1,75,000. நீ அதற்குள்தான் வருவாய் என்று நினைக்கிறேன். அந்தக் குறைப்பு உன் கைக்கு வருகிறதா, மெஷின் கம்பெனியே வைத்துக்கொள்கிறதா? எல்லாக் கார்டுக்கும் ஒரே விகிதம் என்று ஒப்பந்தம் போட்டிருந்தால் வைத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். வாடிக்கையாளரிடம் கேட்பதற்கு முன் அவர்களிடம் கேள்.

அப்புறம் என் தீர்ப்பு. காபி, வடை, பார்சல் சாப்பாடு இதற்கெல்லாம் தனியாக வாங்காதே. பத்து டாலர் பில்லில் 24 சென்ட். அந்தக் காசுக்காக ஒருவர் முகம் சுளித்துவிட்டுப் போனால், அடுத்த வாரம் அவர் வராத நஷ்டம் எந்த ஸ்டேட்மென்ட்டிலும் தெரியாது. இங்கே இரண்டு பர்சென்ட் என்று வாயைத் திறந்தால் பஸ் ஏறிப் பாண்டிக்குப் போய்விடுவார்கள். உங்கள் ஸ்கார்பரோவில் பஸ்கூட ஏற வேண்டியதில்லை, எதிர்ச்சாரியிலேயே இன்னொரு தமிழ்க் கடை இருக்கிறது என்று நீதான் சொன்னாய். பட்டியலில் வடையை ஐந்து சென்ட் ஏற்றிவிடு. ரொக்கம் கொடுப்பவருக்கு ஒரு கை மிக்சர் அதிகமாகப் போடு, அந்த அம்மாவுக்கும் நியாயம் செய்ததாக இருக்கும்.

பிறந்தநாள், கல்யாண ஆர்டர் வேறு. இரண்டாயிரம் டாலர் ஆர்டரில் 48 டாலர் என்பது ஒரு ஆளின் சில மணி நேரக் கூலி. அதை நீ சுமக்க வேண்டாம். ஆனால் விலை பேசும்போதே இரண்டையும் சொல்லிவிடு: வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பும் இ-டிரான்ஸ்ஃபரில் முன்பணம் போட்டால் இவ்வளவு, கிரெடிட் கார்டு என்றால் இவ்வளவு. பெரும்பாலானவர்கள் இ-டிரான்ஸ்ஃபர் போட்டுவிடுவார்கள். பேரம் படிந்து, சாப்பாடும் வேனில் ஏறின பிறகு பில்லில் கடைசி வரியாக அதைச் சேர்க்காதே. பேசின விலை பேசின விலைதான். அந்த ஒரு விஷயத்தில் அப்பாவும் நானும் எப்போதும் ஒரே கட்சி.

அச்சடித்த அறிவிப்பில் "கேட்டரிங் ஆர்டர்களுக்கு மட்டும்" என்று திருத்தி, உண்மையான சதவீதத்தைப் போட்டு, கதவிலும் கல்லாவிலும் ஒட்டு. கார்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது, அதை விட்டுவிடாதே.

நீ கேட்ட பித்தளை உருளி இரண்டும் கும்பகோணத்திலிருந்து வந்துவிட்டன. கனமாக இருக்கின்றன, கப்பலில்தான் போட வேண்டும். அப்பா பில் போட்டு வைத்திருக்கிறார். மகனென்று தள்ளுபடி ஏதும் இல்லையாம்.

அன்புடன்,
அம்மா
கடலூர்