தண்ணிக் கஞ்சி வேண்டாம், தம்பி

குடியாத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் அப்பாவைக் கோவை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுகிறோம், மாமா துணைக்கு வருகிறார். அக்கா பிரசவம் முடிந்து நான் ஆம்பூரிலிருந்து திரும்ப 45 நாள் ஆகும். அதுவரை அப்பா சாப்பாடு உன் பொறுப்பு. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். மருமகள் வேலைக்குப் போகிற பெண். எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டாதே. அரைப்பது, வடிகட்டுவது, கடைவது மூன்றையும் நீயே பழகிக்கொள்.

அப்பாவுக்கு வாயில் புற்றுநோய், ஆபரேஷன், ரேடியேஷன் என்று கேள்விப்பட்டதும் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "கஞ்சி கொடுங்க." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வடித்த அரிசிக் கஞ்சியில் பெரும்பங்கு தண்ணீர். ஒரு டம்ளர் குடித்தால் வயிறு நிறைந்துவிடும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது. மனிதர் கண்ணெதிரே இளைத்துப்போவார். அப்பா இப்போது 50 கிலோ. கிலோவுக்கு 30 முதல் 35 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பது கணக்கு. அதாவது நாளைக்கு 1500 முதல் 1750 கலோரி, 60 முதல் 75 கிராம் புரதம். ஒரு வேளைக்கு அவரால் முடிவது ஒரு கிண்ணம், ஏறக்குறைய 200 மில்லி. அதனால் மூன்று வேளைச் சாப்பாடு என்ற நினைப்பையே விடு. ஆறு வேளை, ஒவ்வொரு கிண்ணத்திலும் 250 கலோரிக்குக் குறையாமல். எதையும் இளக்குவதற்கு வெறும் தண்ணீர் ஊற்றாதே. பால், பருப்புத் தண்ணீர், எலும்பு சூப், தேங்காய்ப்பால், இவற்றில் ஒன்றை ஊற்று.

சோற்றில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள். வெந்த சோற்றை மிக்ஸியில் போட்டு அரைத்தால் பசை ஆகிவிடும், போஸ்டர் ஒட்டலாம். வெந்த அரிசியின் மாவுச்சத்தை பிளேடு கிழித்துவிடுவதால் வருகிற வினை அது. உருளைக்கிழங்கும் இப்படித்தான். எச்சில் ஊறுகிற வாய்க்கு அது பரவாயில்லை. ரேடியேஷனில் எச்சில் சுரப்பிகள் அடிபட்ட வாயில் அந்தப் பசை அண்ணத்தில் அப்பிக்கொண்டு இறங்காது. அதனால் அரைப்பதை வேக வைப்பதற்கு முன்னாலேயே முடித்துவிடு. பச்சரிசி 40 கிராம், பாசிப்பருப்பு 30 கிராம் எடுத்து, மிக்ஸியில் இரண்டு மூன்று தடவை மட்டும் விட்டு விட்டு ஓட்டி, நொய்யாக உடைத்துக்கொள். கழுவி 20 நிமிஷம் ஊறவை. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள், பெருங்காயம், கால் ஸ்பூன் சீரகத்தூள் போட்டு, குக்கரில் ஆறு விசில். திறந்ததும் சூட்டோடு மத்தால் கடை. ஆறிய பிறகு கடைந்தால் கட்டி உடையாது. இரண்டு கிண்ணம் வரும். ஒரு கிண்ணத்துக்கு இரண்டு ஸ்பூன் நெய், இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர். பால் பவுடரை நேராகத் தூவினால் திரளும், கொஞ்சம் வெதுவெதுப்பான பாலில் கரைத்து ஊற்று. கடைசியில் தேங்காய்ப்பால் வடிகட்டியில் ஒரு முறை தேய்த்து வடித்துவிடு. டீ வடிகட்டி வேண்டாம், அதில் சத்தெல்லாம் மேலேயே தங்கிவிடும்.

பதம் சரியா என்று பார்க்க, ஒரு ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பார். ஒரே திரளாக நழுவி விழ வேண்டும், ஸ்பூனில் மெல்லிய பூச்சு மட்டும் மிஞ்சலாம். சாய்த்தும் அப்பிக்கொண்டு நின்றால் தொண்டையிலும் அப்படியே நிற்கும். ஒழுகி ஓடினால் அவர் விழுங்கத் தயாராவதற்கு முன்பே மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடும். இன்னொன்றையும் பார்: கிண்ணத்தின் ஓரத்தில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கக் கூடாது. நீரும் திப்பியும் தனித்தனியாக வாய்க்குள் போனால் நீர் முந்திக்கொண்டு ஓடும், அங்கேதான் புரையேறும். பாலில் பிய்த்துப் போட்ட இட்லியை இதனால்தான் வேண்டாம் என்கிறேன். இட்லி கொடுக்க வேண்டுமானால் அதை உதிர்த்து, சூடான பாலில் பத்து நிமிஷம் முழுக்க ஊறவிட்டு, கடைந்து ஒரே பதமாக்கிக் கொடு. சாப்பிடச் சாப்பிட ஆறி இறுகும். ஒரு அகலப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதில் கிண்ணத்தை வைத்துக்கொண்டால் 40 நிமிஷம் பதம் மாறாது.

களி கேட்பார். கட்டாயம் கேட்பார். நம் ஊர்ப் பக்கம் களியை யார் மென்று தின்கிறார்கள், உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதானே, அதற்குப் பல் எதற்கு என்று நியாயமும் பேசுவார். கேட்டால் உனக்கும் சரி என்றுதான் தோன்றும். களி உருண்டை இறங்குவது நாக்கு தள்ளுகிற பலத்திலும் எச்சில் வழுக்கலிலும்தான், தம்பி. அப்பாவுக்கு இப்போது இரண்டும் குறைவு. நடுத்தொண்டையில் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. புளித்த கூழும் இப்போதைக்கு வேண்டாம், அந்தப் புளிப்பு உள்தோலைக் காந்தும்.

ஆனால் கேழ்வரகு வாசனை இல்லாமல் அவரால் இருக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. சலித்த கேழ்வரகு மாவு மூன்று மேசைக்கரண்டியை 250 மில்லி பாலில் கட்டியில்லாமல் கரைத்துக் கிளறிக் காய்ச்சு. கெட்டியாக வரும். அடுப்பை அணைத்து மூன்று நான்கு நிமிஷம் விட்டு, முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு அரை ஸ்பூன் போட்டுக் கலக்கு. பத்து நிமிஷத்தில் அந்தக் கெட்டிக் கஞ்சி தானாக இளகிவிடும். முளைவிடும்போது தானியத்தில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை அறுத்துவிடுவதுதான் காரணம். தண்ணீர் சேர்க்காமலேயே இளகுவதால் சத்து அப்படியே இருக்கும். கொதிக்கும்போது போட்டால் நொதி செத்துவிடும், வேலை செய்யாது. இளகிய பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு இறக்கு. வெல்லப்பாகு வடிகட்டிச் சேர்க்கலாம், அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இல்லை. அரைத்த முளைமாவு கால் கிலோ டப்பாவில் கட்டியிருக்கிறேன்.

புரதத்துக்கு முட்டையைவிடச் சுலபமானது இல்லை. ஒரு முட்டையை 150 மில்லி ஆறிய பாலில் நுரை வராமல் அடித்து, வடிகட்டி, கிண்ணத்தை மூடி, இட்லிப் பானையில் சின்ன தீயில் 12 நிமிஷம் வேகவை. புட்டிங் மாதிரி வழவழவென்று வரும், 11 கிராம் புரதம். தீ பெரிதானால் ஓட்டை ஓட்டையாகி ரப்பர் ஆகும், தண்ணீர் கக்கும். அப்படி ஆகிவிட்டால் அதைக் கொடுக்காதே, நீ சாப்பிட்டுவிட்டு வேறு செய்.

கோழி எலும்பில்லாத தொடைக்கறி 75 கிராம். பட்டை, லவங்கம், ஏலக்காயைத் துணியில் முடிந்து போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் எட்டு விசில் விடு. முடிச்சை எடுத்துவிட்டு, கறியை மட்டும் சின்ன ஜாரில் பஞ்சாக அரைத்த பிறகு சூப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு. மொத்தமாக ஊற்றினால் நார் பிளேடுக்குச் சிக்காமல் மிதந்துகொண்டே இருக்கும். சூடாக மூடி அரைத்தால் மூடி தெறிக்கும், முகத்தைக் காப்பாற்றிக்கொள். இரண்டு ஸ்பூன் நெய் விட்டு வடிகட்டி, நொய்க்கு மேலே ஊற்று. ஆம்பூர் பிரியாணியை அரைத்துக் கொடு என்று சொன்னால் இதைக் கொடு. மிளகாய் இல்லாமல் அந்த மணம் வரும். மீன் வேண்டாம், முள்ளை நம்ப முடியாது. கத்திரிக்காய் வாங்கினால் சுட்டுத் தோலுரித்து, விதையை வடிகட்டியில் நிறுத்திவிடு. நம் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் அங்கே கிடைக்காது, கிடைத்ததை வாங்கு. மிளகாய், மிளகு, புளி, எலுமிச்சை, தக்காளி எதுவும் இன்னும் இரண்டு மாசத்துக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அரைத்துச் சாம்பல் நிறக் கூழாக மட்டும் கொடுத்துவிடாதே. பரங்கிக்காய் மஞ்சளாகவும் கீரை பச்சையாகவும் தனித்தனிக் குவியலாக இருக்கட்டும். மனிதர் தட்டைப் பார்த்துத்தான் கையை நீட்டுகிறார். நாக்கு ருசி இன்னும் முழுசாகத் திரும்பவில்லை, சில மாசம் பிடிக்கும். நேற்று பிடித்தது இன்று மண் மாதிரி இருக்கிறது என்பார். கோபப்படாதே, வேறொன்று வை. நீங்கள் சாப்பிடும் நேரத்திலேயே அவரும் உட்காரட்டும், தனியாக அறையில் வைத்துக் கொடுக்காதே.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி விழுங்க வேண்டும். குழந்தை ஸ்பூனில் அரை ஸ்பூன். வலது கன்னத்தில் மார்புத் தசையை வைத்துத் தைத்த இடத்தில் உணர்ச்சி கிடையாது, சுட்டாலும் தெரியாது. அதனால் சூட்டை உன் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்துவிட்டு, இடது பக்கமாகவே கொடு. ஒரு வாய்க்கு இரண்டு தடவை விழுங்கச் சொல். முடிந்ததும் டார்ச் அடித்துப் பார், வலது கன்னத்தில் ஒதுங்கியிருக்கும், அவருக்குத் தெரியாது. அரை மணி நேரம் படுக்கவிடாதே. சாப்பிடும்போது இருமல், அதற்குப் பிறகு குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரப்பு, இரண்டொரு நாளில் காய்ச்சல் என்று வந்தால் சளி பிடித்துவிட்டது என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதே. சாப்பாடு நுரையீரலுக்குப் போயிருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போ.

வாய் கழுவ: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் சமையல் சோடா. தினம் புதிதாகக் கலக்கு. ஒவ்வொரு வேளைக்கு முன்னும் பின்னும், ராத்திரி படுக்கும்போதும். சாப்பிடுவதற்கு முன் கொப்பளித்தால் வாய் ஈரமாகும், பாதி சிரமம் குறையும். கடையில் விற்கிற எரிகிற மவுத்வாஷ் வேண்டாம். நாக்கில் தயிர் பூசினாற்போல வெள்ளை படிந்து, துடைத்தால் எரிந்தால், அது பூஞ்சை, மருந்து வேண்டும்.

வாய் திறக்கும் பயிற்சியை அவர் தட்டிக்கழிப்பார், வலிக்கும். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, அரை நிமிஷம் அப்படியே இருந்து எடுக்க வேண்டும், ஐந்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. இப்போது 11 குச்சி நுழைகிறது. 10 ஆகக் குறைந்தால் எனக்குச் சொல். வாய் மூடிக்கொண்டே போனால் ஸ்பூனும் நுழையாது, பல்லும் துலக்க முடியாது. பல் ஆடுகிறது, வலிக்கிறது என்று பக்கத்துத் தெருப் பல் டாக்டரிடம் பிடுங்கிவிடாதே. ரேடியேஷன் பட்ட தாடை எலும்பு புண் ஆறாமல் செத்துப்போகலாம். எத்தனை வருஷம் ஆனாலும் முதலில் நம் ரேடியேஷன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

உன் நண்பர்கள் வந்தால் பாக்கு, பான் மசாலா எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. அப்பா விட்டுவிட்டார். வாசனை வந்தால் அவருக்குக் கஷ்டம்.

ரயிலுக்கு இரண்டு பிளாஸ்கில் சத்துமாவுக் கஞ்சி தருகிறேன். மத்தியானம் வீடு வந்ததும் மிச்சம் இருந்தால் கொட்டிவிடு, பால் சேர்த்தது அதற்கு மேல் தாங்காது. நீலப் பையில் மத்து, தேங்காய்ப்பால் வடிகட்டி, குழந்தை ஸ்பூன் இரண்டு, குச்சிக் கட்டு, முளைமாவு, டிஸ்சார்ஜ் காகிதங்கள் இருக்கின்றன. எடை மெஷின் ஒன்று வாங்கிவிடு. திங்கள் காலை வெறும் வயிற்றில், வேட்டி பனியனோடு ஏற்று. எவ்வளவு என்று எனக்குப் போன் போடு. அடுத்த திங்களும் அதே நேரம், அதே உடுப்பு. ஒரு கிலோ இறங்கினால் நெய்யையும் பால் பவுடரையும் கூட்டு, இரண்டு கிலோ இறங்கினால் டாக்டருக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா