தறி நின்ற பிறகும் கேட்கிற சத்தம்

சோமனூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை, நீ கடைசியில் எழுதியிருந்த ஒரு வரிதான். பெங்களூரில் மகன் வீட்டுப் பன்னிரண்டாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை என்று இரண்டு பக்கம் புலம்பியிருந்தாய். அப்புறம் "எல்லாம் நாம பார்க்கிற பார்வையிலதான் இருக்கு, மனசை மாத்திக்கிட்டாப் போதும்" என்று முடித்துவிட்டாய். அதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு உன்னோடு சண்டை போடத்தான் இந்தக் கடிதம்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் காதுக்குள் ஒரு சத்தம் கேட்கிறது. இதை எழுதும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

முதலாளி தறிகளையெல்லாம் எடைக்குப் போட்டு குடோனைக் காலி செய்தாரே, அதற்கு அடுத்த மாதம் ஒரு ராத்திரி ஆரம்பித்தது. சில்வண்டு கத்துகிற மாதிரி, விடாமல் "ஙீ…" என்று. எழுந்து போய் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். மீட்டர் பெட்டியில் காதை வைத்தேன். இன்வெர்ட்டரை அணைத்தேன். "நடுராத்திரில என்னத்தைங்க தேடறீங்க?" என்று வீட்டுக்காரி எழுந்து வந்தாள். "உனக்குக் கேக்கலையா?" என்றேன். அவள் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு இல்லை என்றாள். அப்போது வந்த பயம் இருக்கிறதே மாப்ளே, தறியில் நாடாவை அடித்துத் தள்ளுகிற பிக்கிங் ஸ்டிக் உடைந்து முகத்துக்கு நேரே பறந்தபோதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

மறுநாள் போனில் தேடினேன். மூளையில் கட்டி என்று ஒன்று போட்டிருந்தது, அதுவே மனசில் ஒட்டிக்கொண்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. "வயசானா வரும், பழகிக்கணும்" என்று இரண்டே நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சத்தம் இன்னும் பெரிதானது. பழகிக்கொள்ளச் சொன்னவர் எப்படிப் பழகுவது என்று சொல்லவில்லையே. எட்டு மாதம் யாரிடமும் பேசவில்லை. வீட்டுக்காரி பாத்திரத்தைக் கீழே வைத்தாலே எரிந்து விழுந்தேன். பேரன் பக்கத்தில் வந்து உட்கார்வதை நிறுத்திவிட்டான்.

பிறகு கோயம்புத்தூரில் காது பரிசோதனை செய்கிற ஒரு அம்மா கிடைத்தார். மகள் வயசுதான் இருக்கும். எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டுகிற ஆடியோகிராம் படத்தை முன்னால் வைத்து, கோடு நேராகப் போய் 4000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சுச் சுருதிப் பக்கம் சட்டென்று பள்ளத்தில் இறங்குவதைக் காட்டினார். "நீங்க என்ன வேலை பார்த்தீங்கன்னு இந்தப் பள்ளமே சொல்லுதுங்க" என்றார். உட்காதில் ஒவ்வொரு பக்கமும் சத்தத்தை உணர்கிற சுமார் 15,000 மயிர்ச் செல்கள் இருக்கின்றனவாம். சத்தத்தில் செத்தது செத்ததுதான், மறுபடி முளைக்காது. அந்தச் செல்களிடமிருந்து வரவேண்டிய சேதி வராததால் மூளை தன் வால்யூமை ஏற்றிக்கொள்கிறதாம். ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வால்யூமை ஏற்றினால் கர்ரென்று இரையுமே, அது போல.

அப்புறம் ஒரு வேலை செய்தார். ஹெட்போன் மாட்டி விதவிதமான சத்தங்களை ஓடவிட்டு, என் காதுச் சத்தத்துக்குச் சமமானது எது என்று சொல்லச் சொன்னார். ஒன்று பொருந்தியது. "அந்த சுருதியில உங்களுக்குக் கேக்கிற மிகச் சின்ன சத்தத்தைவிட இது ஆறு டெசிபல்தாங்க அதிகம்" என்றார். ஆறு! பழைய குடோனில் நாற்பது தறிக்கு நடுவே நின்றவன் நான். வாயசைவைப் பார்த்தே பேசிக்கொண்டோமே. எட்டு மாதம் என்னை ஆட்டிவைத்தது என் காதுக்கு எட்டுகிற மிகச் சின்ன சத்தத்தைவிடக் கொஞ்சமே பெரிதான ஒன்று என்றால் நம்புவாயா? எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, நிறையக் கோபமாகவும் இருந்தது.

சத்தம் எவ்வளவு பெரிது என்பதற்கும் ஆள் எவ்வளவு அவதிப்படுகிறான் என்பதற்கும் நேரான கணக்கு இல்லையாம். மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டால், காவல்காரன் மாதிரி ராப்பகலாக அதையே உற்றுக் கேட்கும். உற்றுக் கேட்கக் கேட்கப் பெரிதாகும். 1990-இல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற விஞ்ஞானி இதை எழுதிவைத்திருக்கிறார். அதற்கு முன்பே, 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் காது நன்றாக இருக்கிற 80 பேரைச் சத்தமே நுழையாத அறையில் உட்காரவைத்து என்ன கேட்கிறது என்று விசாரித்திருக்கிறார்கள். நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்களாம். அத்தனை பேர் மண்டைக்குள்ளும் வண்டு இருக்கிறது, அதைத் தேடி மீட்டர் பெட்டிக்குப் போனவன் நான்.

நம் குடோன் ஞாபகம் வந்தது. தறி ஓட்டுகிற பெண்கள் பக்கத்திலேயே தொட்டில் கட்டிக் குழந்தையைப் போட்டிருப்பார்கள். அந்த இரைச்சலில் அது அசையாமல் தூங்கும். கரண்ட் போய் எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நின்றால், வீல் என்று எழுந்து அழும். தறி ஓடினால் அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்பதுதான் அதற்கு அர்த்தம் போல.

இப்போது ராத்திரி ஃபேன் ஓடும், ரேடியோ மெதுவாக முணுமுணுக்கும். சத்தம் வந்தால், "ஓட்டின தறியோட பாக்கி" என்று நினைத்துக்கொண்டு வேறு வேலை பார்ப்பேன். சத்தம் குறையவில்லை. அந்த அம்மா அளந்து பார்த்தால் அதே ஆறுதான் வரும். ஆனால் நாளில் பாதி நேரம் அது இருப்பதே எனக்குத் தெரிவதில்லை. இன்று உனக்கு எழுத உட்கார்ந்ததால் காலையிலிருந்து ஜோராகக் கேட்கிறது. இசை மேதை பீத்தோவன் 1801-இல் தன் பால்ய நண்பருக்கு எழுதிய கடிதத்தில், காது இரவும் பகலும் இரைகிறது, யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சியிருக்கிறார். நீயும் ஊருக்குள் சொல்லிவைக்காதே.

அப்படியானால் நீ சொன்னது சரிதானே என்பாய். இரு. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்கிறோம். எனக்குக் காமாலை வந்திருக்கிறது, ஒன்றும் மஞ்சளாகத் தெரியாது. பார்க்கிறவனுக்குத்தான் நம் கண் மஞ்சள். அது மாதிரி, என் காது கெட்டது என் பார்வையால் இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட காதுக்கு அடைப்பான் கொடுத்ததில்லை. அதற்கும் "மனசை மாத்திக்கோ" என்று யாராவது சொன்னால் செருப்பைத்தான் தேடுவேன். பயம் மட்டும்தான் நான் சேர்த்தது. அதைக் கழிக்க முடிந்தது, செத்த செல்லைப் பிழைக்கவைக்க முடியவில்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ படுக்கிற அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் சுவர்தான் தெரிகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். இரண்டு பக்கத்தில் எனக்கு உறுத்தியது அதுதான். 1984-இல் ரோஜர் உல்ரிச் என்பவர் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் முடிந்தவர்களில் 23 பேருக்கு ஜன்னல் வழியே மரம் தெரிந்தது, 23 பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட ஒரு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. நீ மனசை மாற்ற ஒரு மாதமாகப் பாடுபடுகிறாய். முதலில் நாற்காலியைப் பால்கனிப் பக்கம் இழுத்துப் போடு. மருமகளிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் சொல், நான் போன் போட்டுப் பேசுகிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எதிர் வீட்டு வேம்பை வெட்டிவிட்டார்கள், வாசலில் வெயில் சுடுகிறது. தை நோம்பிக்குக் கட்டாயம் வா. நடு அறையில் படுக்கை போட்டு வைக்கிறேன். அங்கே இருக்கிற ஃபேன் சுற்றுக்கு ஒரு தடவை கிரீச் என்று கத்தும். வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறேன். தறி ரிப்பேர் பார்த்த உன் பிட்டர் புத்தி சும்மா இருக்காது, ஆயில் கேனைத் தூக்கிக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறிவிடாதே.

உன்,
பழைய ஷிப்டுக் கூட்டாளி